தெர்மாக்கோல் ஊரில் விடுபட்ட முப்பத்தேழு வீடுகள்

ஓடைக்கரைத் தெரு காணாமல் போன அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கேசரியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பனைமுறிச்சானில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், நானும் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் முப்பத்தேழு வீடும், சிலுவை வைத்த ஒரு சின்ன வேதக்கோயிலும், இரண்டு வேப்பமரமும், ஓர் அடிபம்பும், அங்கே குடியிருந்த நூற்றெழுபது சொச்சம் ஆட்களும் சாயங்காலம் மூன்றே முக்காலுக்கு ஊரைவிட்டுக் கழன்றுபோன நேரத்தில் நாங்கள் அத்தனை பேரும் வாயில் கேசரியை வைத்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தோம். நான் இந்த ஊர் லைன்மேன். விழாவுக்கு மைக் செட்டுக்குக் கரண்டு இழுத்துக் கொடுக்கப் போனவன், கொடுத்தபிறகும் போகாமல் நின்று நானும் தட்டினேன்.

தட்டியதற்குக் காரணம் இருந்தது. செய்து படிக்கிறது என்று பள்ளிக்கூடங்களுக்கு ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வியைக் கையில் எடுக்க வேண்டும், பிள்ளைகளே ஊருக்குள் இறங்கி விடையைத் தேட வேண்டும், தேடியதை ஒரு பொருளாகச் செய்து காட்ட வேண்டும், காட்டியதற்கு விழா எடுக்க வேண்டும், விழா முடிந்தபிறகு ஆளுக்கொரு மீள்பார்வைத் தாளில் தாங்கள் செய்ததைத் தாங்களே யோசித்துப் பார்த்து எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வடிவு டீச்சர் எடுத்துக்கொண்ட கேள்வி, நம் ஊர் எவ்வளவு பெரியது என்பது. நாற்பத்தொரு பிள்ளைகளும் ஆறு வாரம் வெயிலில் அலைந்து, அளந்து, வெட்டி, ஒட்டி, சாயம் பூசி, எங்கள் ஊரையே தெர்மாக்கோலில் செய்து ஒரு கட்டில் அகலப் பலகையின் மேல் உட்கார வைத்திருந்தார்கள்.

அளந்தது இரண்டு பேர். ஒருத்தி முப்பிடாதி, மாவு மில் கொம்பையாவின் மகள், வகுப்புத் தலைவி, நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிற பிள்ளை. இன்னொருத்தி பியூலா, ஓடைக்கரைத் தெரு ஞானசுந்தரியின் மகள். அப்பா கேரளத்தில் கட்டட வேலை பார்த்தார். சைக்கிளின் பின்சக்கரக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பியூலா உருட்டுவாள், துணி ஒரு சுற்று வந்தால் ஒன்று என்று சத்தமாகச் சொல்வாள், பின்னாலேயே முப்பிடாதி எழுதிக்கொண்டு நடப்பாள், சக்கரத்தின் பத்துச் சுற்றுக்குப் பலகையில் ஒரு தீக்குச்சி நீளம் என்று கணக்கு. இப்படி பஸ் ஸ்டாண்டை அளந்து, அம்மன் கோயில் தெருவை அளந்து, மாட்டாஸ்பத்திரியை அளந்து, எங்கள் கரண்டு ஆபீஸுக்குள்ளும் உருட்டிக்கொண்டு வந்து என் காலில் ஏற்றி, பஞ்சாயத்துத் தலைவர் உலகநாதனின் புதுக் கல்யாண மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி இரண்டு தடவை அளந்தார்கள். பலகை வாங்கிக் கொடுத்தவர் தலைவர், ஆகவே மண்டபம் நன்றாக வரவேண்டும் என்று எல்லாருக்கும் இருந்தது. மண்டபத்தைத் தாண்டி ஓடைப் பாலம். பாலத்தோடு பலகை முடிந்துவிட்டது, தெர்மாக்கோலும் தீர்ந்துவிட்டது என்றுதான் அப்போது எங்களுக்குச் சொன்னார்கள்.

"எங்க தெரு?" என்று பியூலா கேட்டாளாம்.

"எடம் இல்லட்டி. அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்றாளாம் முப்பிடாதி. பியூலா கத்தரியைக் கையில் எடுத்தாள். மண்டபத்து வாசற்படிகளை அவள்தான் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினாள், படி ஒன்றுகூடக் கோணவில்லை.

விழாவுக்கு அதிகாரி வருகிற அன்றைக்கு மீள்பார்வைத் தாள்கள் கோப்பில் தயாராக இருக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். அதனால் முடிந்தபிறகு யோசித்து எழுத வேண்டியதை எங்கள் பிள்ளைகள் முடிவதற்கு மூன்று நாள் முன்னாலேயே எழுதினார்கள். வடிவு டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன், மூன்று வாத்தியார்கள் பார்க்க வேண்டிய வேலையை அந்த அம்மாள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு கேள்விக்கும் விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார், நாற்பத்தொரு பேரும் பார்த்து எழுதினார்கள். என்ன செய்தீர்கள்? எங்கள் ஊரைச் செய்தோம். என்ன கற்றீர்கள்? ஒற்றுமையைக் கற்றோம். எதில் சிரமப்பட்டீர்கள்? வெயிலில். மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? எதையும் மாற்ற மாட்டோம்.

விழாவில் அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார்கள், தலைவருக்கும் போர்த்தினார்கள், சால்வை ஒன்று மிஞ்சியதால் எனக்கும் போர்த்தினார்கள். முப்பிடாதி ஒரு குச்சியை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டி மூச்சுவிடாமல் விளக்கினாள், பியூலா பலகையின் ஓரத்தில் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "ஊர் முழுசும் வந்துட்டாம்மா?" என்று கேட்டார். "முழுசும் வந்துட்டு சார்" என்றாள் முப்பிடாதி. அவர் தட்ட ஆரம்பித்தார், பிறகு நாங்கள்.

நாலரைக்கு வீட்டுக்குப் புறப்பட்ட பியூலா ஐந்து மணிக்குப் பையோடு திரும்பி வந்தாள்.

"டீச்சர், எங்க தெருவக் காணும்."

"நல்லாப் பாத்தியா பிள்ள?"

"பாலம் வரைக்கும் இருக்கு டீச்சர். பாலத்துக்கு அந்தால வெறும் முள்ளுக்காடா இருக்கு."

வடிவு டீச்சர் கூடவே போய்ப் பார்த்தார், பிறகு நாங்களும் போய்ப் பார்த்தோம். உண்மைதான். ரோடு பாலத்தின் கடைசிக் கல் வரைக்கும் வந்து அதோடு நின்றிருந்தது, அதற்கப்பால் முள்மரங்கள் காலகாலமாக அங்கேயே நிற்பவை மாதிரி நின்றன. என் கம்பத்திலிருந்து போன வயர் பாலத்துக்கு மேலே கொஞ்ச தூரம் போய் காற்றில் முடிந்திருந்தது, அந்தத் தெருவுக்குப் போட்ட போன் ஒன்றும் போகவில்லை. ஆனால் ஆறரை மணிக்கு விளக்குப் போடுகிற நேரத்தில் அந்த வயரில் எப்போதும் போல லோடு ஏறியது, ஒன்பதரைக்கு இறங்கியது. அதனால் ஆட்கள் உள்ளே நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன், எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது, அவரவர் வீட்டுக்குப் போனோம்.

வெளியே அகப்பட்டுக்கொண்டவர்கள் பதினொரு பேர். பியூலா, அவளோடு படிக்கிற இன்னும் மூன்று பிள்ளைகள், செங்கல் சூளையில் வேலைக்கு நின்ற ஆறு பேர், ரேஷன் வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற ஒரு பெரியவர். அவர்களை ஒன்பதாம் வகுப்பு அறையில் தங்க வைத்தோம், சத்துணவு ஆயா அளவில் ஒரு படி கூடப் போட்டாள், நாங்கள் பழைய போர்வைகள் கொடுத்தோம், கொடுத்ததை வாட்ஸப்பில் போட்டோம். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுத்தர் காணாமல் போனோர் படிவத்தை எடுத்து, பெயர் ஓடைக்கரைத் தெரு என்று எழுதிவிட்டு, வயது என்ன, உயரம் என்ன, அங்க அடையாளம் என்ன என்று வரிசையாகக் கேட்டார், கடைசியில் ஒரு போட்டோ வேண்டும் என்றார். போட்டோ இருந்தால் உடனே எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பிவிடலாமாம். ஊர் முழுக்க விசாரித்தோம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, சடங்குக்கு, கட்சிக் கூட்டத்துக்கு என்று ஆயிரம் ஆயிரமாகப் போட்டோ எடுத்து வைத்திருந்த எங்கள் ஊரில் அந்தத் தெருவைப் படம் எடுத்தவர் ஒருத்தர்கூட இல்லை.

இதற்கெல்லாம் ஓர் ஊர் எத்தனை சீக்கிரம் பழகிக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாரம். தபால்காரர் அந்தத் தெருவுக்கு வந்த கடிதங்களை இப்படி ஒரு தெரு இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பத் தொடங்கினார், கேரளத்திலிருந்து பியூலாவின் அப்பா போட்ட கடிதமும் அப்படித்தான் திரும்பிப் போனது. குப்பை வண்டி பாலத்திலேயே திரும்பியது, முன்னாலும் அது அங்கேயேதான் திரும்பிக்கொண்டிருந்தது என்பதால் ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியவில்லை. முள்ளை வெட்டினால் மண்டபத்துக்கு வருகிற வேன்களை நிறுத்தலாம் என்று தலைவர் சொன்னார். "அவங்களாப் போயிருக்காங்க, அவங்களா வருவாங்க" என்றும் சொன்னார். இரண்டாவது வாரத்தில் சலூனில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், அங்கே நிஜமாகவே தெரு இருந்ததா அல்லது பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்ததைத்தான் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டார், பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பரைத் திருப்பினார். பதினைந்தாம் நாள் அந்தப் பதினொரு பேரைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்று சொல்லத் தொடங்கியிருந்தோம்.

ஆனாலும் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதைப் போல எல்லாருக்கும் எந்நேரமும் ஒரு பதைப்பு. சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தார்கள், பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தவர்கள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார்கள், பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனார்கள், பால்காரர் ஊற்றிய வீட்டிலேயே இன்னொரு தடவை ஊற்ற வந்தார். நான் கம்பத்தில் ஏறினால் எதற்கு ஏறினேன் என்பது மறந்துபோய் அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பேன்.

இதில் தாங்க முடியாதது சாயங்காலம். விளக்குப் போடுகிற நேரத்தில் அந்த முள்காட்டுக்குள்ளிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வரும், குழந்தை அழும், அடிபம்பு கிரீச்சிடும், பிறகு ஞானசுந்தரியின் குரல் கேட்கும். "ஏட்டி பியூலா, எங்க போன? ஏட்டி, வீட்டுக்கு வாட்டி." பியூலா தினமும் பாலத்தின் கடைசிக் கல்லில் நின்று, "யம்மா, இங்கனதாம்மா நிக்கேன்" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அது அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாவின் குரல் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று வந்துகொண்டே இருக்கும். முதல் நாலைந்து நாள் ஊரே பாலத்தில் நின்று அழுதது, நானும் அழுதேன், பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சுண்டல் விற்க ஆள் வந்தது, அதற்குப் பிறகு சுண்டல்காரரும் வரவில்லை. கடைசியில் இரண்டு பேர்தான் நின்றார்கள். பியூலா கல்லின் மேல், அவளுக்குப் பத்தடி பின்னால் முப்பிடாதி.

முப்பிடாதி அந்த நாட்களில் எங்கேயும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. வடிவு டீச்சரிடம் போய், மீள்பார்வைத் தாளைத் திருப்பித் தாருங்கள், திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டாள். தாள்கள் மாவட்டத்துக்குப் போய்விட்டன, பதிவும் ஏறிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அந்த அம்மாளும் வகுப்பறையில் மூன்று தடவை சுற்றி நடந்தார். முப்பிடாதி ஒரு பகல் முழுக்க உட்காராமல் நின்றுகொண்டே முப்பத்தேழு வீடு வெட்டினாள், சிவப்பு ஓடு போட்டாள், பலகையில் பாலத்துக்கப்பால் ஓர் அட்டையைச் சேர்த்து அதில் இரண்டு வரிசையாக ஒட்டினாள். பசை காய்வதற்குள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தன. மறுபடி ஒட்டினாள், மறுபடி விழுந்தன. பியூலா ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எங்க தெரு இல்ல" என்றாள் பியூலா.

"பெறவு எப்பிடி இருக்கும்? சொல்லு, அப்பிடியே செய்யுதேன்."

"வரிசையாவா இருக்கும்? கோயிலச் சுத்தில்லா இருக்கும். ஓடா போட்டிருக்கோம்? தகரம்."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வந்து பாத்தாத் தெரியும்."

"இப்பம் எங்கட்டி போயிப் பாக்க?" முப்பிடாதி விழுந்த வீடுகளைக் கையில் வாரினாள்.

"இப்பந்தான் இல்ல. நாம ஒண்ணாப் படிச்ச அஞ்சு வருசமும் இருந்துச்சில்லா?" என்றாள் பியூலா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதற்கிடையில் எங்கள் தெர்மாக்கோல் ஊர் மாவட்டத்தில் முதல் பரிசு வாங்கிவிட்டது. அடுத்து சென்னைக்குப் போக வேண்டும், முப்பிடாதிதான் கொண்டுபோக வேண்டும், கொம்பையா மகளுக்கு ரயிலில் போட ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டார். வழியனுப்ப இரண்டாவது விழா. இருபதாம் நாள், தலைவரின் மண்டபத்தில், காலை பத்தரைக்கு. இந்தத் தடவை கேசரியோடு வடையும் உண்டு. அதே அதிகாரி வந்தார். மாணவர்கள் தங்கள் மீள்பார்வையைத் தாங்களே மேடையில் வாசிக்க வேண்டும் என்று புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது என்று சொல்லி, கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி முப்பிடாதி கையில் கொடுத்தார். மைக்குக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

முதல் மூன்று கேள்வியையும் விடையையும் ஒரே மூச்சில் வாசித்தாள். வெயிலில் என்று வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு நிறுத்தினாள்.

"நாலாவது கேள்வி. மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். எதையும் மாற்ற மாட்டோம்னு இதுல இருக்கு. போர்டுல இருந்தத பாத்து எழுதுனேன். எனக்கு அந்த பதில் புடிச்சிருந்துச்சு, அதனாலதான் எழுதுனேன்."

வடிவு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பிடாதி தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பலக முடிஞ்சிட்டுன்னு எல்லாத்துட்டயும் சொன்னேன். முடியல. பாலத்துக்கு அந்தால ஒரு முழம் எடம் கெடந்துச்சு, அத அறுத்து எடுத்துட்டுத்தான் ஓரத்துல காகிதம் ஒட்டுனேன். தெர்மாக்கோல் தீந்துட்டுன்னேன். தீரல. ரெண்டு அட்ட பீரோவுக்குப் பின்னால இருக்கு, போயிப் பாத்தா தெரியும்."

தலைவர் என்னைப் பார்த்துக் கையால் சுவிட்சைத் திருகுகிற மாதிரி சைகை காட்டினார். ஒரு நொடி வேலை. நான் கேட்காத மாதிரி, பார்க்காத மாதிரி, வயரைச் சரி செய்கிற மாதிரி குனிந்து நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அப்படிச் சும்மா நின்றது.

"பியூலா எங்க தெருவயும் அளக்கலாம், வான்னா. பாலத்துல நின்னுட்டு எனக்குக் காலு வலிக்குன்னு சொன்னேன். வலிக்கல. அவகூட அஞ்சு வருசம் ஒரே பெஞ்சுல இருந்திருக்கேன், அவ வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு அவட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் தெருவையே விட்டுட்டேன். அங்கன போவக் கூடாதுன்னு எங்க வீட்டுல யாரும் ஒரு நாளும் சொன்னது இல்ல. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம இருந்துச்சு. மறுபடி செஞ்சா..."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. வடையைக் கடித்தவர்கள் கடித்தபடி இருந்தார்கள். கொம்பையா எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மேடைப் படி வரைக்கும் வந்துவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றுவிட்டார். நான் பதினெட்டு வருஷமாக அந்தத் தெருவுக்கு லைன்மேன். ஃபியூஸ் போய்விட்டது என்று சொன்னால் பாலத்துக்கு இந்தப் பக்கத்துக் கம்பத்தில் ஏறிப் போட்டுவிட்டு, சரியாயிட்டா என்று இங்கிருந்தே கத்திக் கேட்டுவிட்டுத் திரும்பியவன். அந்தப் பிள்ளை சொன்ன வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

அப்போது என் செல்போன் அடித்தது. பழக்கமில்லாத ஒரு ஆண் குரல்.

"லைன்மேன் சாரா? ஓடக்கரத் தெருவுலேருந்து பேசுதேன். மூணு வீட்டுல கரண்டு இல்ல சார், செத்த வாரீயளா?"

மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் ஓடியது பியூலா. பின்வரிசையில் பள்ளிக்கூடத்துக்காரர்களோடு உட்கார்ந்திருந்தவள், நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள், அவளுக்குப் பின்னால் மற்ற பத்துப் பேர், அதற்குப் பின்னால் முப்பிடாதி, வடிவு டீச்சர், கொம்பையா, கையில் கட்டிங் பிளேயரோடு நான், சால்வையோடு அதிகாரி, தலைவரைத் தவிர மொத்த ஊரும். பாலம் வந்தது. கடைசிக் கல் வந்தது. நாங்கள் பழக்கதோஷத்தில் அதில் நின்றோம், ஏனென்றால் அதற்கப்பால் ரோடு இருந்தது. ரோட்டின் மேல் கோழி மேய்ந்தது. வேதக்கோயிலைச் சுற்றித் தகரக் கூரை போட்ட வீடுகள், இரண்டு வேப்பமரம், அடிபம்பில் பிளாஸ்டிக் குடங்கள். முள்மரம் ஒன்றுகூட இல்லை.

முப்பிடாதி மட்டும் நிற்காமல் கல்லைத் தாண்டிப் போனாள். அவள் போனதைப் பார்த்தபிறகு ஒவ்வொருத்தராக நாங்களும் தாண்டினோம், பலருக்கு அதுதான் முதல் தடவை.

ஞானசுந்தரி இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். பியூலாவைப் பிடித்து முதுகில் இரண்டு அடி வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு, பிறகு மறுபடி அடித்து, பிறகு அவள் முகத்தைத் தன் சேலையால் துடைத்துத் துடைத்து அழுதாள். அழுது முடித்த பிறகுதான் பின்னால் நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை பேரை அந்தத் தெருவில் ஒருசேர அவள் பார்த்திருக்க மாட்டாள்.

இருபது நாளாக என்ன செய்தீர்கள், எப்படி இருந்தீர்கள் என்று வடிவு டீச்சர் கேட்டார்.

"எப்பமும் போலத்தான் டீச்சர். பாலத்தத் தாண்டி நடந்தா திரும்பக் கோயிலுக்கே வந்து சேந்தோம், இருக்கத வச்சு ஆக்கித் தின்னோம். ஊருக்குள்ள இருந்து ஒருத்தரும் வரல, அது ஒண்ணும் புதுசு இல்ல." அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். "அந்தக் கைதட்டுதான் தாங்க முடியல. இருவது நாளா ராப்பகலா நிக்காம தட்டுதீய. பிள்ளையத் தூங்க வைக்க முடியல. எம் மகளக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், அவ பதில் சொன்னாலும் அந்தச் சத்தத்துல எப்பிடிக் கேக்கும்? இப்பந்தான் செத்த முன்ன நின்னுச்சு. அப்பிடி என்னதான் செஞ்சீய, எல்லாரும் சேந்து?"

முப்பிடாதிதான் முன்னால் வந்தாள். அந்த அம்மாளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு கணம் திணறினாள்.

"ஊரச் செஞ்சோம்" என்றாள்.

"எந்த ஊர?"

"நீங்க இல்லாத ஊர."

பியூலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஞானசுந்தரி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அதுக்கா தட்டுனீய?" என்று கேட்டுவிட்டு, எங்கள் முகத்தை விட்டுவிட்டு எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.